கார்பெட்டில் கறி ஊற்றுப்பட்டால் சவர்க்காரத் தூளைத் தொடாதீர்கள்

கார்பெட் சுத்தம் செய்வதுதான் எங்கள் தொழில். தீபாவளி முடிந்த வாரம் என்றால் எங்கள் தொலைபேசிக்கு ஓய்வில்லை. கொழும்புப் பக்கம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை என்று எங்கிருந்து அழைத்தாலும் கதை ஒன்றுதான். "தம்பி, இறைச்சிக் கறி கொஞ்சம் ஊத்துப்பட்டிட்டுது. சவுக்காரத் தூள் போட்டு நல்லாத் தேய்ச்சனான். இப்ப ரத்தம் மாதிரிச் சிவந்துபோய்க் கிடக்கு."

கடைசியாகப் போய்ப் பார்த்தது துபாயில் இருக்கும் மகன் அனுப்பிய கம்பளிக் கார்பெட். சிவப்பு போகவில்லை என்று அதன்மேல் பிளீச்சையும் ஊற்றியிருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன், அந்த இடத்துக் கம்பளி விரலோடு வந்துவிட்டது. அடியில் வெறும் நெசவு நூல்தான் மிச்சம். கறையை எடுக்க எங்களுக்கு வழி தெரியும். இல்லாத கம்பளியை எங்கிருந்து கொண்டுவருவது?

சிவப்பு எங்கிருந்து வந்தது? ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலக்கும் வீட்டில் இதை நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. சுண்ணாம்பு காரம். உறைப்பைச் சொல்லவில்லை, அமிலத்துக்கு எதிரான காரம். மஞ்சள் அந்தக் காரத்தைக் கண்டால் சிவக்கும். சலவைக்குப் போடும் சவர்க்காரத் தூள் காரம், கட்டிச் சவர்க்காரம் காரம், அப்பச்சோடாவும் காரம். கறியில் இருக்கும் மஞ்சள்மேல் இவற்றில் எதைப் போட்டாலும் உங்கள் ஹோலில் ஆரத்திதான். பயந்துபோய் இன்னும் கொஞ்சம் தூளைப் போட்டுத் தேய்ப்பவர்கள்தான் அதிகம். தேய்க்கத் தேய்க்கக் கறை அகலமாகும், நூலின் முறுக்கும் அவிழ்ந்து பஞ்சுபோல் நிற்கும். அப்படி அவிழ்ந்ததை எந்த மெஷினாலும் திரும்ப முறுக்க முடியாது.

இதற்கெல்லாம் வேர் ஒரே நம்பிக்கை: நுரை வந்தால்தான் சுத்தம். ஐயா, அம்மா, நுரை அழுக்கை எடுப்பதில்லை. உடுப்பில் நுரை வந்தால் நாலு தண்ணீரில் அலசி ஊற்றிவிடுகிறீர்கள். கார்பெட்டை எங்கே அலசுவீர்கள்? போட்ட சவர்க்காரம் அப்படியே நூலில் காய்ந்து பிசுபிசுக்கும், நடக்கிறவர் காலில் இருக்கும் தூசியையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். இரண்டு மாதத்தில் அதே இடம் கறுக்கும். "கறை திரும்ப வந்துவிட்டது, நீங்கள் சரியாகச் செய்யவில்லை" என்று எங்களைக் கூப்பிடுவார்கள். அது கறையே இல்லை, உங்கள் சவர்க்காரம். நுரை அதிகம் வந்த வீட்டில்தான் எங்களுக்கு வேலையும் அதிகம்.

சரி, என்ன செய்வது? கெட்டியானதைக் கரண்டியால் வழித்தெடுங்கள். வெள்ளைத் துவாயை வைத்து ஒற்றுங்கள், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. பூப்போட்ட துவாய் வேண்டாம், அதன் சாயமும் சேர்ந்து இறங்கும். எண்ணெய்ப் பசைக்கு ஒரு கோப்பைத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கால் தேக்கரண்டி போதும். தயவுசெய்து கால் தேக்கரண்டிதான். பிறகு வெறும் தண்ணீரால் ஒற்றி அதையும் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே சிவந்துவிட்டதென்றால், ஒரு பங்கு வெள்ளை வினாகிரிக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஒற்றினால் மஞ்சளுக்குத் திரும்பும். எதையும் முதலில் சோபாவுக்கு அடியில் மறையும் மூலையில் தொட்டுப் பாருங்கள். மஞ்சளின் சாயல் கொஞ்சம் மிஞ்சினால் கவலை வேண்டாம், வெயில் பட அது மங்கும்.

பால் தேத்தண்ணிக்கும் ரத்தத்துக்கும் பச்சைத் தண்ணீர் மட்டும். சுடுதண்ணீர் பட்டால் புரதம் உறைந்து பிடித்துக்கொள்ளும். மண்ணெண்ணெய், பெற்றோல் பக்கம் போகவே வேண்டாம். நெருப்புப் பயம் ஒரு பக்கம், அடியில் ஒட்டியிருக்கும் பசையும் கரைந்துபோகும்.

கம்பளியா, நைலோனா என்று தெரியாவிட்டால் ஓரத்தில் ஒரு நூலை வெட்டி, கழுவுதொட்டியின் மேல் பிடித்துக் கொளுத்துங்கள். மயிர் கருகும் மணம் வந்து சாம்பல் உதிர்ந்தால் கம்பளி. உருகி உருண்டையானால் செயற்கை நூல். கம்பளி என்றால் பிளீச் போத்தலைக் கையில் எடுக்காதீர்கள்.

அப்புறம் தண்ணீர். வாளியோடு ஊற்றுகிறவர்களை என்ன சொல்வது? ஒக்டோபர், நவம்பரில் கொழும்பில் பின்னேரமானால் மழை. பிளாட்டுக்குள் காற்றும் இல்லை. ஒரு நாள் இரண்டு நாள் ஈரம் நின்றாலே பூஞ்சணம் பிடிக்கும். அடிப்பக்கம் சணல் என்றால் அதன் பழுப்பு நிறம் மேலே ஏறிவரும். ஒற்றி முடித்ததும் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளின்மேல் தூக்கிப் போட்டு, அடியிலும் காற்றுப் படும்படி ஃபேனை விடுங்கள். ஈரத்தோடு சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மணக்கிறது என்று எங்களைக் கூப்பிடாதீர்கள்.

ஒரேயொரு கெஞ்சல். பிளீச்சோடு வினாகிரியையோ ஹார்ப்பிக் மாதிரி அமிலம் சேர்ந்த எதையுமோ கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் அது விளையாட்டில்லை. நாங்கள் கடைசியில் அலசுவதும் அமிலம் கலந்த தண்ணீரால்தான். அதனால் நாங்கள் வரமுன் என்னென்ன ஊற்றினீர்கள் என்பதை வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். ஏசமாட்டோம். போத்தலைக் காட்டினாலே போதும்.