ஜெனரேற்றரைக் காலையில் இயக்குங்கள்: மின்கம்பி எட்டாத கொட்டில்களுக்காக

மின்சார சபையின் கம்பி எட்டாத இருப்பிடங்கள் திருகோணமலை மாவட்டத்தில் இன்னும் நிறைய உள்ளன. புல்மோட்டைக் கரையின் மீன்வாடிகள், திரியாய், தென்னமரவாடி வயல்களில் யானைக்குக் காவல் இருக்கும் கொட்டில்கள், வெருகல் பக்கத்து மாட்டுப் பட்டிகள் என்று எங்கே போனாலும் ஏறத்தாழ ஒரே ஏற்பாட்டைத்தான் பார்க்கிறேன். கூரையில் ஓரிரண்டு சோலார் தகடுகள், கட்டிலுக்குக் கீழே பற்றரி, வெயில் இல்லாத நாளுக்கென்று ஒரு சிறிய பெற்றோல் ஜெனரேற்றர். இவற்றைப் பொருத்துவதும் திருத்துவதும் என் தொழில். மாரி தொடங்கினால் என்னிடம் வரும் முறைப்பாடும் ஒன்றுதான்: “தம்பி, இரவு முழுக்க ஜெனரேற்றர் ஓடியது. பற்றரி அடுத்த இரவே இறங்கிவிட்டது.”

நான் திரும்பக் கேட்பது, ஏன் இரவில் ஓட விட்டீர்கள் என்பதைத்தான். இருட்டினால்தான் வெளிச்சம் தேவைப்படுகிறது, அதனால் ஜெனரேற்றரும் இருட்டியபின்தான் நினைவுக்கு வருகிறது. இந்தப் பழக்கம் பற்றரியையும் கெடுக்கிறது, பெற்றோலையும் குடிக்கிறது, மூடிய கொட்டிலுக்குள் தூங்குகிறவரின் உயிருக்கும் ஆபத்தாகிறது. பற்றரிக்கு ஜெனரேற்றரால் சார்ஜ் ஏற்ற வேண்டுமானால், விடிந்தபின் ஏற்றுங்கள்.

காரணத்தைப் பற்றரியிலிருந்தே தொடங்குகிறேன். இங்கே பெரும்பாலும் புழக்கத்தில் இருப்பது ஈயமும் அமிலமும் கொண்ட பற்றரி. அது சார்ஜை ஒரே வேகத்தில் வாங்குவதில்லை. சாக்கில் நெல் கொட்டும்போது முக்கால்வாசி தானாக இறங்கும். மேல் கால்வாசியை உலுக்கி உலுக்கித்தான் நிரப்ப வேண்டும். பற்றரியும் அப்படித்தான். ஏறத்தாழ 80 சதவீதம் வரை சார்ஜர் கொடுக்கும் முழு அம்பியரையும் அது வாங்கிக்கொள்ளும். அதன்பின் வோல்ட் 14.4 அளவில் நிற்க, அம்பியர் மெல்ல மெல்லக் குறையும். மிஞ்சிய 20 சதவீதம் ஏற நான்கு, ஐந்து மணித்தியாலங்கள் எடுக்கும். எவ்வளவு பெரிய ஜெனரேற்றரைக் கொண்டுவந்து வைத்தாலும் இதை அவசரப்படுத்த முடியாது.

பற்றரி எவ்வளவு மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் என்பதை அம்பியர் மணியில் சொல்வார்கள். பாதி இறங்கிய 200 அம்பியர் மணிப் பற்றரிக்கு 30 அம்பியர் சார்ஜர் போட்டால், இரண்டு, இரண்டரை மணித்தியாலத்தில் 80 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதற்குப்பின் பற்றரி கேட்பது 15 அம்பியர், 10 அம்பியர், கடைசியில் 5 அம்பியர். 5 அம்பியர் என்றால் 70 வாட் அளவுதான். அந்த 70 வாட்டுக்காக ஜெனரேற்றர் ஓடிக்கொண்டிருக்கிறது. சாதாரண ஜெனரேற்றர் 50 ஹேர்ட்ஸ் தருவதற்கு நிமிடத்துக்கு 3000 தடவை சுற்றியாக வேண்டும். சுமை குறைந்தாலும் அந்த வேகம் குறையாது. பெற்றோல் செலவும் சுமைக்கு ஏற்ற அளவுக்குக் குறையாது. இன்வேட்டர் வகை ஜெனரேற்றர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் சற்று மேல், ஆனாலும் வீண் வீண்தான். 2022ஆம் ஆண்டு கியூஆர் காட்டி, வாரப் பங்கீட்டில் பெற்றோல் எடுத்த நாட்களை இங்கே யாரும் மறக்கவில்லை. அதே பெற்றோலை இரவு முழுக்க இப்படி எரிப்பதைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை.

காலையில் இயக்கினால் கணக்கு மாறுகிறது. விடியும்போதுதான் பற்றரி மிகவும் இறங்கியிருக்கும். கொடுக்கும் அம்பியர் முழுவதையும் வாங்கும் நேரம் அதுதான். இரண்டு மணித்தியாலம் ஓட்டி ஜெனரேற்றரை நிறுத்துங்கள். எஞ்சிய கால்வாசியைப் பகல் முழுக்க சோலார் தகடு பார்த்துக்கொள்ளும். மப்பு நாளில் 300 வாட் தகடு மூன்று, நான்கு அம்பியர்தான் தரக்கூடும். ஆனால் அந்த நேரத்தில் பற்றரிக்கு வேண்டியதும் அந்தச் சிறிய அம்பியர்தான், நீண்ட நேரத்துக்கு. மாலையில் ஏற்றத் தொடங்கினால் இந்த உதவி கிடைக்காது. கடைசிப் பகுதியையும் ஜெனரேற்றரே இழுக்க வேண்டும், அல்லது பற்றரி அரைகுறையாகவே நிற்க வேண்டும்.

அரைகுறையாக நிற்பதுதான் ஈயப் பற்றரியைக் கொல்கிறது. முழுதாக ஏறாத பற்றரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து, நாளாக ஆக இறுகிவிடும். இறுகியதைத் திரும்பக் கரைப்பது மிகவும் கடினம். எனவே தொடர்ந்து மழை பெய்து வெயிலே தெரியாத வாரங்களில், கிழமைக்கு ஒரு தடவையாவது பகலில் நீண்ட நேரம் ஓட்டி முழுதாக ஏற்றிவிடுங்கள். அன்றைய பெற்றோல் வீண் அல்ல.

முழுதாக ஏறிவிட்டதா என்பதைச் சார்ஜர் ஓடும்போது மீற்றரைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். அப்போது தெரியும் 14 வோல்ட் சார்ஜரின் வோல்ட், பற்றரியினுடையது அல்ல. எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சில மணித்தியாலம் பொறுத்துப் பாருங்கள். 12.7 அளவில் நின்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பற்றரியின் ஆயுள் வேகமாகக் குறையும். மின்விசிறி சுற்றுவது குறையும்வரை பொறுத்திருந்து பிறகு ஜெனரேற்றரைத் தேடுகிறவர்கள், 11.5 வோல்ட்டில்தான் தேடுகிறார்கள்.

சார்ஜரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜெனரேற்றரின் முகப்பில் 12 வோல்ட் என்று ஒரு துளை இருக்கும். பலர் அதிலிருந்து நேராக இரண்டு வயரை இழுத்துப் பற்றரியில் மாட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான சிறிய ஜெனரேற்றர்களில் அது தருவது 8 அம்பியர் அளவுதான். வோல்ட்டை ஒழுங்குபடுத்தும் அமைப்பும் அதில் இராது. வழியில் நின்றுபோன வாகனத்தின் பற்றரிக்குக் கொஞ்சம் உயிர் கொடுக்கத்தான் அது உதவும். 230 வோல்ட் துளையில், முதலில் முழு அம்பியர், பிறகு குறையும் அம்பியர், கடைசியில் நிறைவைக் காக்கும் சிறிய அம்பியர் என்று மூன்று கட்டமாக ஏற்றும் நல்ல சார்ஜரை மாட்டுங்கள். பற்றரியின் அம்பியர் மணியில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை சார்ஜரின் அம்பியர் இருக்கலாம். 200க்கு 20 முதல் 40. தானாக நிறுத்தத் தெரியாத பழைய வகைச் சார்ஜரை மாட்டிவிட்டு வயலுக்குப் போய்விட்டால், திரும்பி வரும்போது அமிலம் கொதித்துத் தகடு வெளியே தெரியும்.

நம் ஊர் வெக்கையில் இன்னொன்றும் உண்டு. சார்ஜர் பெட்டியில் எழுதியிருக்கும் வோல்ட் 25 பாகை வெப்பத்துக்கானது. தகரக் கூரையின் கீழே 35 பாகையில் இருக்கும் 12 வோல்ட் பற்றரிக்கு அதில் 0.2 முதல் 0.3 வோல்ட் குறைக்க வேண்டும். பற்றரியின் உடம்பில் ஒட்டும் வெப்ப உணரி கூட வந்தால், அதைப் பெட்டிக்குள்ளேயே போட்டு வைக்காமல் பொருத்துங்கள்.

பற்றரியின் மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றும் சோலார் இன்வேட்டரோடு சேர்ந்தே வரும் சார்ஜர் என்றால் அமைப்புகளைப் பார்த்தாக வேண்டும். அது 60 அம்பியர் இழுக்கும்படி வைக்கப்பட்டிருந்தால் சிறிய ஜெனரேற்றர் திணறி நின்றுவிடும். குறைத்து வையுங்கள். ஜெனரேற்றரின் வோல்ட் ஏறி இறங்குவதால் சில இன்வேட்டர்கள் அதை ஏற்கவே மறுக்கும். உள்ளே வரும் வோல்ட்டின் வரம்பை அகலமாக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஜெனரேற்றர் பழுது என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்கு நான் செய்து கொடுப்பது இந்த மாற்றம் மட்டுமே.

இனி, எனக்கு இவை எல்லாவற்றிலும் பெரிதாகப் படும் விடயம். ஜெனரேற்றரின் புகையில் காபன் மொனொக்சைட் இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினை அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலையிடி வரும், தலை சுற்றும், வயிற்றைப் புரட்டும். அப்போதாவது எழுந்து வெளியே போக வழி உண்டு. தூங்குகிறவர் எதையும் உணராமலே மயங்கிப்போவார். இரவில் இயக்க வேண்டாம் என்று நான் மன்றாடுவதற்கு முதற்காரணம் இதுதான்.

“இது கிடுகுக் கொட்டில்தானே, காற்று வந்துபோகும்” என்கிறார்கள். கோடையில் அது உண்மையாக இருக்கலாம். மாரியில் அதே கொட்டிலைச் சுற்றித் தறப்பாளைக் கட்டிவிடுகிறோம். மழையில் நனையும் என்று ஜெனரேற்றரையும் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைக்கிறோம். அப்போது அது மூடிய அறைதான். கதவைத் திறந்து வைப்பதோ மின்விசிறியைப் போடுவதோ போதாது. குறைந்தது இருபது அடியாவது தள்ளி, புகைக்குழாய் கொட்டிலுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். மழைக்கு நான்கு கம்பு நட்டு மேலே ஒரு தகரம் போட்டால் போதும், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். தூரத்துக்காக வயர் வாங்கும் பணத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

காற்றின் திசையையும் நம்ப முடியாது. இதைக் கடற்கரையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மாலையில் கடலிலிருந்து வீசும் காற்று, இரவு ஏறியபின் கரையிலிருந்து கடலுக்குத் திரும்பிவிடுகிறது. ஆறு மணிக்குக் காற்றைப் பார்த்து, புகை உள்ளே வராத பக்கமாக ஜெனரேற்றரை வைத்துவிட்டுப் படுக்கிறார்கள். நள்ளிரவில் அதே இடம் புகையை நேராகக் கொட்டிலுக்குள் தள்ளும் இடமாகிவிடுகிறது.

பற்றரியின் பக்கத்திலும் இதற்கு இணையான ஆபத்து உண்டு. சார்ஜ் நிறையும் நேரத்தில் ஈயப் பற்றரி ஐதரசன் வாயுவை விடுகிறது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பிடிக்கும். கட்டிலுக்குக் கீழே பற்றரி, பக்கத்தில் நுளம்புச்சுருளும் குப்பி விளக்கும், கதவு அடைப்பு. இப்படிப்பட்ட அறைகளை நான் பார்க்கிறேன். பார்த்தவுடன் பற்றரியை வெளியே எடுக்கச் சொல்கிறேன். ஐதரசன் மேலே ஏறும் வாயு. எனவே மேற்புறத்தில் துளையுள்ள பெட்டியில், தூங்கும் இடத்துக்கு வெளியே பற்றரி இருக்க வேண்டும். வயரை மாட்டும்போதும் கழற்றும்போதும் சார்ஜரை முதலில் நிறுத்துங்கள். பொறி பறப்பது அங்கேதான். நேர் முனையிலிருந்து புறப்படும் வயரில், முனைக்கு அருகிலேயே ஒரு பியூஸ் வேண்டும். 12 வோல்ட் உடம்பில் அடிக்காது என்பது சரி, ஆனால் வயர் உரசி ஒட்டிக்கொண்டால் கிடுகைப் பற்றவைக்க அதுவே போதும்.

யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் அவரைத் திறந்த வெளிக்கு இழுத்துக்கொண்டு வாருங்கள், ஜெனரேற்றரை நிறுத்துங்கள், 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். காய்ச்சல் அல்லது உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று படுக்க வைத்துவிடாதீர்கள். கூட இருந்தவர்களுக்கும் ஒரே நேரத்தில் தலையிடி இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பற்றரியை வெளியே வைக்கும்போது தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். அதற்கும் காரணம் உண்டு. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி சூறாவளி திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில்தான் கரை கடந்தது. அப்படிப்பட்ட இரவில் கடல்நீர் பற்றரிக்குள் புகுந்தால் குளோரின் வாயு உண்டாகலாம், அதுவும் நச்சு. வெள்ளம் வந்த அடையாளத்துக்கு மேலே ஒரு பலகை அடித்து, பற்றரியை அதில் ஏற்றி வையுங்கள்.

பராமரிப்பில் பெரிய வித்தை எதுவுமில்லை. சார்ஜ் ஏற்றியபின் பற்றரித் தண்ணீர், அதாவது காய்ச்சி வடித்த நீர், விடுங்கள், கிணற்று நீரோ போத்தல் குடிநீரோ வேண்டாம். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூடும் அளவுக்கு முன்கூட்டியே விடலாம். அமிலம் சேர்க்கக் கூடாது. உப்புக்காற்றில் முனைகள் பூத்துப்போகும். துடைத்து வசலீன் பூசுங்கள். ஜெனரேற்றரின் எஞ்சின் ஒயிலை முதல் 20 மணித்தியாலத்திலும், பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒரு தடவையும் மாற்றுவது வழக்கம். சூடாக இருக்கும்போது பெற்றோல் ஊற்றவே கூடாது.

லிதியம் பற்றரி வாங்கலாமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். கைக்கு எட்டினால் வாங்குங்கள். லிதியம் இரும்பு பொஸ்பேட் வகை ஏறத்தாழ நிறையும்வரை முழு அம்பியரையும் வாங்கும், அரைகுறையாக நின்றாலும் கெடாது. ஜெனரேற்றரை நம்பியிருக்கும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. சார்ஜரை மட்டும் அதற்கென்று உள்ள அமைப்புக்கு மாற்ற வேண்டும். ஈயப் பற்றரிக்கான சல்பேட் நீக்கும் முறையை அதில் போட்டால் பற்றரி பழுதாகும்.

பருவம் முடிந்து வாடியைப் பூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இன்னும் சில வேலைகள். ஜெனரேற்றரின் பெற்றோல் குழாயை மூடி, அது தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். இல்லாவிட்டால் காபரேட்டரில் தங்கும் பெற்றோல் பிசினாகி, அடுத்த பருவத்தில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. ஈயப் பற்றரியை முழுதாக ஏற்றி, எதிர் முனை வயரைக் கழற்றி வையுங்கள். சும்மா இருந்தாலும் அது மாதாமாதம் கொஞ்சம் இறங்கும், வெக்கையில் இன்னும் வேகமாக. மாதம் ஒரு தடவை யாரும் போய்ச் சார்ஜ் ஏற்ற வழியில்லை என்றால், பற்றரியை வீட்டுக்கே எடுத்து வந்துவிடுங்கள்.