அட்ரிபியூஷன்: வரவு வைத்தல்

மின்னஞ்சல் செய்திமடல் நடத்துவோரும் அவர்களுக்காகச் சந்தைப்படுத்தல் பணி செய்வோரும் நாள்தோறும் புழங்கும் சொற்களுள் ஒன்று ‘அட்ரிபியூஷன்’. புதிதாக ஒரு சந்தாதாரர் சேரும்போது, தேடுபொறி, சமூக ஊடகப் பதிவு, கட்டண விளம்பரம், வேறொரு மடலின் பரிந்துரை, நண்பர் அனுப்பிய இணைப்பு ஆகியவற்றுள் எதன் கணக்கில் அவரைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் முறையை இச்சொல் குறிக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்புகளில் இதைப் ‘பண்புக்கூறு’ என்று எழுதிவிடுவதைக் காணலாம். அது ஒரு பொருளின் இயல்பைக் குறிக்கும் ‘அட்ரிபியூட்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு உரியது. இங்கே முற்றிலும் பொருந்தாது.

இச்சொல்லின் வேர் ‘அட்ரிபுவேரே’ என்னும் இலத்தீன் வினை. அதிலுள்ள ‘ட்ரிபுவேரே’ என்பதற்குப் பங்கிட்டு அளித்தல் என்பது பொருள். ரோமானியக் குடிமக்கள் பகுக்கப்பட்டிருந்த பிரிவைச் சுட்டும் ‘ட்ரிபுஸ்’ என்ற சொல்லோடு அது உறவுடையது. ஆகவே இன்னார்க்கு இவ்வளவு என்று ஒதுக்குவதே மூலப்பொருள். பின்னர் ஆங்கிலத்தில், ஒரு செயலுக்கு இன்னதே காரணம், ஒரு படைப்புக்கு இன்னாரே ஆசிரியர் என்று கொள்வதையும் அது குறிக்கலாயிற்று. பிறர் நடத்தைக்கு நாம் எவ்வாறு காரணம் காண்கிறோம் என்பதை உளவியலாளர் ஃபிரிட்ஸ் ஹைடர் 1958இல் ஆராய்ந்ததன் வழியாக உளவியலிலும் அது நிலைபெற்றது; அத்துறையில் ‘காரணங்கற்பித்தல்’ என்பது பொருத்தமான தமிழ். சந்தைப்படுத்தலிலோ சொல் தன் பழைய பொருளுக்கே, அதாவது ஒதுக்கீட்டுக்கே, திரும்பியிருக்கிறது.

நடைமுறை இணையத்துக்கு முந்தையது. அஞ்சல்வழி வணிகர்கள் ஒவ்வோர் இதழில் வெளியிட்ட விளம்பரத்திலும் முகவரியோடு வெவ்வேறு துறை எண்ணை அச்சிட்டு, வந்து சேரும் கடிதத்தில் உள்ள எண்ணைக் கொண்டு எந்த இதழ் பயன் தந்தது என்று அறிந்தார்கள். இணையத்தில் அவ்வேலையை முதலில் செய்தது, வாசகர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார் என்பதை உலாவி தானே தெரிவிக்கும் ‘ரெஃபரர்’ குறிப்பு. (இணையப் பக்கங்கள் பரிமாறப்படும் விதிமுறையான எச்டிடிபி பற்றி 1996இல் வெளியான ஆவணத்தில் இச்சொல் ஓர் எழுத்து குறைந்த பிழையான வடிவத்தில் பதிவாகி, இன்றுவரை அப்படியே நீடிக்கிறது.) அடுத்து வந்தது யுடிஎம் குறியீடு. அர்ச்சின் டிராக்கிங் மாட்யூல் என்பதன் சுருக்கமான இது, கூகுள் 2005இல் வாங்கிய அர்ச்சின் நிறுவனத்தின் பெயரைத் தாங்கியது. இணைப்பின் வாலில் மூலம், ஊடகம், பரப்புரை, தேடற்சொல், உள்ளடக்கம் என ஐந்து விவரங்களை ஒட்ட இது இடந்தருகிறது. பதிவுப் படிவத்தில் மறைவான புலங்களை வைத்து இவ்விவரங்களைச் சந்தாதாரரின் மின்னஞ்சல் முகவரியோடு சேமித்தால், அவர் வந்த வழி அவர் பதிவிலேயே நிலைத்துவிடும்.

செய்திமடலைப் பொறுத்தவரை சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. யுடிஎம் குறியீட்டில் ஆங்கிலப் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் வேறானவை என்பதால், ஒரே தளத்தின் பெயரை இருவர் இருவிதமாகத் தட்டச்சு செய்தால் அறிக்கையில் அது இரண்டு மூலங்களாகப் பிரிந்து நிற்கும். தன் தளத்தின் உள்ளிணைப்புகளிலேயே குறியீட்டை ஒட்டுபவர், வாசகர் உண்மையில் வந்த வழியைத் தம் கையாலேயே அழித்துவிடுகிறார். உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் உள்ள இணைப்பைச் சொடுக்கிய பின்னரே சேர்க்கை முழுமை பெறும் இரட்டை ஒப்புதல் முறையில், அந்தச் சொடுக்கைச் சேர்க்கையாக எண்ணும்படி அமைத்துவிட்டால், வந்தவர் அனைவரும் ‘மின்னஞ்சல்’ வழியாகவோ ‘நேரடி’யாகவோ வந்ததாகக் கணக்குக் காட்டும். அது அபத்தம், மின்னஞ்சல் பட்டியலில் இன்னும் சேராத ஒருவரை மின்னஞ்சல் எப்படி அழைத்து வந்திருக்க முடியும்? இவையெல்லாம் கவனத்தால் திருத்தக்கூடியவை. ஆனால் தனிச்செய்திகளிலும் குழு உரையாடல்களிலும் பகிரப்படும் குறியீடற்ற இணைப்புகள் பெரும்பாலும் எந்தத் தடயமும் இன்றி ‘நேரடி’ என்ற தொகுப்பில் விழுகின்றன. இதழாளர் அலெக்சிஸ் மாட்ரிகல் 2012இல் இதற்கு ‘டார்க் சோஷியல்’ என்று பெயரிட்டார். ‘தடமறியாப் பகிர்வு’ என்று நாம் சொல்லலாம். இவ்வகை வாசகரிடம் ‘எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?’ என்று படிவத்தில் ஒரு வரி கேட்பது, எந்தக் கருவியும் தராத விடையைச் சில வேளைகளில் தந்துவிடும்.

தடம் முழுமையாகக் கிடைத்தாலும் கேள்வி தீர்வதில்லை. ஒருவர் தேடுபொறி வழியாக ஒரு கட்டுரையைப் படிக்கிறார். சில வாரங்களுக்குப் பின் சமூக ஊடகப் பதிவொன்றைச் சொடுக்கி வந்து சேர்கிறார். முதல் தொடுகைக் கணக்கு அவரைத் தேடுபொறிக்கும், இறுதித் தொடுகைக் கணக்கு சமூக ஊடகத்துக்கும் கொடுக்கும். இரண்டுக்கும் பங்கிடும் கணக்குகளும் உண்டு. தள வருகைகளை அளக்கும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸ் 2023இல் முதற்சொடுக்கு, சமபங்கு முதலிய நான்கு கணக்குகளைக் கைவிட்டது. அதனால் வாசகர்கள் வந்த வழி மாறிவிடவில்லை. மாறியது பங்கிடும் விதி மட்டுமே.

ஆகவே தமிழ்ச்சொல் காரணத்தைச் சுட்டாமல் கணக்கைச் சுட்ட வேண்டும். பற்றுவரவு ஏட்டில் ஏற்கெனவே உள்ள ‘வரவு வைத்தல்’ இதற்கு மிகப் பொருந்துகிறது. பல வழிகளுக்குப் பங்கிடும்போது ‘வரவுப் பகிர்வு’ எனலாம். தடயம் திரட்டும் வேலையை மட்டும் ‘வந்தவழி அறிதல்’ என்று தனியே பெயரிடுவது நல்லது, ஏனெனில் முன்னது தீர்ப்பு, பின்னது தகவல். ‘ஏற்றிக் கூறல்’ என்ற சொல்லையும் எண்ணிப் பார்க்கலாம். இயல்பாக நிகழ்வதன்மேல் கவி தன் கருத்தை ஏற்றும் தற்குறிப்பேற்ற அணியை அது நினைவூட்டும், சில அறிக்கைகளுக்கு அது பொருத்தமும்கூட, ஆனால் கலைச்சொல்லாக நிற்காது. தேடுபொறி, சமூக ஊடகம் போன்ற வழிகளைச் சுட்டும் ‘சேனல்’, நீர்க்குழாயைக் குறித்த இலத்தீன் ‘கனாலிஸ்’ வழி வந்தது. தொலைக்காட்சிக்கு உரிய ‘அலைவரிசை’ இங்கே ஒவ்வாது, ‘வழி’ போதும். ‘சந்தா’ பாரசீகச் சொல். பணத்தின் சாயல் அதில் இருந்தாலும், இலவச மடலுக்கும் ‘சந்தாதாரர்’ வழக்கூன்றிவிட்டதால் மாற்ற வேண்டியதில்லை.

அறிக்கை எழுதுவோர், ‘இம்மாதச் சந்தாதாரர்களில் பெரும்பாலோர் தேடுபொறியால் வந்தவர்கள்’ என்று எழுதுவதைவிட, ‘இறுதித் தொடுகைக் கணக்கின்படி பெரும்பாலோர் தேடுபொறிக்கு வரவு வைக்கப்பட்டுள்ளனர்’ என்று எழுதுவதே சரியான சொல்லாட்சி.