வட்டக்கானல் முதல் வெள்ளகவி வரை: ஒரு நாள் மலைநடைக்கு என்ன அனுமதி வேண்டும், ஏன் வேண்டும்?

கொடைக்கானல் மலையில் நல்ல மழை பெய்தால் கீழே கும்பக்கரை அருவியில் குளிக்கத் தடை வந்துவிடும். வட்டக்கானல், பாம்பார்புரம் பக்கம் பெய்கிற மழைதான் மலை இறங்கி வந்து பெரியகுளம் அருகே அருவியாக விழுகிறது. அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து சேரும். மேலே வட்டக்கானல், கீழே கும்பக்கரை, நடுவில் வெள்ளகவி என்ற மலைக்கிராமம். டால்பின் நோஸ் பாறை முனையைத் தாண்டி இறங்கும் இந்தப் பழைய பாதையில் நடக்க ஆசைப்படுகிறவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "ஊர்க்காரங்க தினமும் நடக்கிற பாதைதானே, நமக்கு மட்டும் எதுக்கு அனுமதி?" என்பதுதான்.

நியாயமான கேள்வி. பதில் சட்டத்திலேயே இருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 27ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் யார் யார் நுழையலாம் என்று வரையறுக்கிறது. பணியில் இருக்கும் அரசு ஊழியர், உள்ளே நிலபுலன் உரிமை உள்ளவர், அவரைச் சார்ந்தவர்கள், பொதுச்சாலை வழியாகக் கடந்து போகிறவர் ஆகியோருக்குத் தடையில்லை. மற்றவர்களுக்கு அனுமதி வேண்டும். சுற்றுலாவுக்காக வருகிறவருக்கு அந்த அனுமதியைக் கொடுக்க 28ஆம் பிரிவு இடம் தருகிறது. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்கு வெளியே இருந்தாலும் காப்புக்காடு என்றால் தமிழ்நாடு வனச் சட்டம், 1882 பொருந்தும். அனுமதியின்றி உள்ளே போவது அதன்படி அத்துமீறல். வனவிலங்குச் சட்டத்தை மீறினால் 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2022இல் வந்த திருத்தத்துக்கு முன் அபராதத்தின் உச்சம் 25,000 ரூபாய்தான்.

ஆகவே வெள்ளகவிக்காரர் நடப்பது அவருடைய வீட்டுக்கு. நாம் நடப்பது அவருடைய காட்டுக்குள் விருந்தாளியாக.

ஆனால் இந்த விதிகளின் உயிர் தண்டனைப் பிரிவில் இல்லை. அது குரங்கணியில் இருக்கிறது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிக்கு மேலே கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. கோடையில் காய்ந்து கிடந்த உயரமான புல். 23 உயிர்கள் போயின. மலையில் மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே முதல் சில மணி நேரம் தெளிவாகத் தெரியவில்லை. ஆளாளுக்கு ஓர் எண்ணிக்கை சொன்னார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவேண்டியிருந்தது. எத்தனை பேரைத் தேடுவது என்றே தெரியாமல் தேடுவதைவிடக் கொடுமை மீட்புக்காரர்களுக்கு வேறில்லை.

அதன் பிறகுதான் தமிழ்நாடு மலையேற்ற (ஒழுங்குமுறை) விதிகள், 2018 வந்தன. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்ததும், முன்அனுமதியைக் கட்டாயமாக்கியதும் அந்த விதிகள்தான். அனுமதிச் சீட்டை நுழைவுக் கட்டண ரசீதாக நினைப்பது தவறு. இன்ன தேதியில், இன்ன பாதையில், இத்தனை பேர் உள்ளே போயிருக்கிறார்கள், இன்ன நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்ற பதிவு அது. நீங்கள் திரும்பி வராவிட்டால் உங்களைத் தேடிக் கிளம்ப ஒருவர் இருக்கிறார் என்பதே அதன் பொருள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை.

இப்போது இந்த அனுமதியை வாங்க வன அலுவலகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு வன அனுபவக் கழகம் இதை நடத்துகிறது. 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு தொடங்கிய திட்டம் இது. வட்டக்கானல்–வெள்ளகவி அவற்றில் ஒன்று. அருவிப் பாதை வேண்டும் என்றால் மதுரைப் பக்கம் குட்லாடம்பட்டி, திருப்பத்தூர்ப் பக்கம் ஜலகாம்பாறை போன்றவையும் உண்டு. ட்ரெக் தமிழ்நாடு டாட் காம் தளத்தில் பாதையையும் தேதியையும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவர் விவரத்தையும் கொடுத்து, பணம் கட்டலாம். கட்டணம் பாதைக்குப் பாதை மாறும். சில நூறில் தொடங்கிச் சில ஆயிரம் வரை போகும். ஒரு நடைக்கு இவ்வளவா என்று தோன்றலாம். அந்தப் பணத்துக்குள் பயிற்சி பெற்ற வழிகாட்டியும் அடக்கம். அவர்களில் பலர் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள், அக்கம்பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகள். யானைச் சாணத்தைப் பார்த்தே யானை எப்போது போனது என்று சொல்லக்கூடியவர் கூட வருவதற்கு நான் விலை பேச மாட்டேன்.

18 வயது நிரம்பியவர் தானே பதிவு செய்யலாம். அதற்குக் கீழே இருந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும். 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பெற்றோரோ பாதுகாவலரோ கூட வந்து எளிதான பாதைகளில் மட்டும் அழைத்துப் போகலாம். அசல் அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.

முக்கியமான ஒன்று: அனுமதி எந்தப் பாதைக்கோ அந்தப் பாதைக்கு மட்டும்தான். வெள்ளகவி வரை சீட்டு வாங்கிவிட்டு, "இவ்வளவு தூரம் வந்துட்டோம், அப்படியே கும்பக்கரைக்கு இறங்கிடலாம்" என்று கிளம்பினால் நீங்கள் பதிவேட்டுக்கு வெளியே போய்விடுகிறீர்கள். மேலே உங்களுக்காகக் காத்திருப்பார்கள், நீங்கள் கீழே இருப்பீர்கள்.

தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காட்டுத்தீக் காலத்தில் பாதைகள் மூடப்படும். 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடினார்கள். குரங்கணித் தீ பிடித்த மார்ச் 11 இந்த இடைவெளிக்குள்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் நேரத்தில் மூடுகிறார்களே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. வருத்தம் புரிகிறது, ஆனால் புல் நம் விடுமுறையைப் பார்த்துக் காய்வதில்லை. வடகிழக்குப் பருவமழையில் வேறு சிக்கல். பாறை வழுக்கும், ஓடைகள் திடீரென்று நிரம்பும். கனமழை எச்சரிக்கை வந்தால் கடைசி நேரத்தில்கூடப் பாதையை மூட வனத்துறைக்கு அதிகாரம் உண்டு. எனவே மறுநாள் வேலை இருக்கிற மாதிரி பயணத்தை இறுக்கமாகப் போட வேண்டாம்.

கொடைக்கானலுக்குச் சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் தனி. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். இ-பாஸுக்குப் பணம் கிடையாது. அரசுப் பேருந்தில் போகிறவருக்கு அது தேவையும் இல்லை. இ-பாஸ் கிடைத்துவிட்டதால் மலைநடை அனுமதியும் கிடைத்ததாக நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்று வண்டிக்கு, இன்னொன்று உங்கள் கால்களுக்கு. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் மலையில் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டிலை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

இனி நடை. மற்ற மலைகளில் ஏறிவிட்டு இறங்குவோம். இங்கே தலைகீழ். வட்டக்கானல் மேலே, வெள்ளகவி கீழே. காலையில் தெம்பாக இருக்கும்போது இறக்கம். வெயில் ஏறி, தண்ணீர் குறைந்து, தொடை நடுங்கும்போது ஏற்றம். இறங்கிய நேரத்தைப் போல ஒன்றரை மடங்காவது ஏறுவதற்கு ஒதுக்குங்கள். கொண்டுபோகும் தண்ணீரில் பாதிக்குமேல் திரும்பும் வழிக்கு மிச்சம் இருக்க வேண்டும். வழிகாட்டி "இதோட திரும்பிடலாம்" என்று சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள். கட்டிய பணத்தை அந்த நேரத்தில் நினைக்கக் கூடாது. டால்பின் நோஸ் முனையில் படம் எடுக்கப் பின்னால் நகர்வதும், பெயர் தெரியாத ஓடைக் குட்டையில் குளிக்க இறங்குவதும்தான் இந்தப் பக்கம் எனக்கு அதிகப் பயம் தருபவை. பாசி படிந்த பாறைக்கு நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வித்தியாசம் தெரியாது. ஓடையில் தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் மேலே எங்கோ மழை என்று பொருள். உடனே கரை ஏறிவிட வேண்டும். தீப்பெட்டி, சிகரெட், மது எதுவும் பையில் இருக்கக் கூடாது. சரணாலயத்தில் தீ வைப்பது 30ஆம் பிரிவின்படி குற்றம்.

வெள்ளகவிக்குள் நுழையும்போது செருப்பையோ ஷூவையோ கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் காலணி போட்டு நடப்பதில்லை என்பது அவர்களுடைய வழக்கம். எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத இந்த விதியை மீறி அவர்கள் மனதைப் புண்படுத்திவிட வேண்டாம். நெடுங்காலம் சாலையே இல்லாமல், நோயாளியை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஏறிய ஊர் அது. அதே பாதையில் நமக்குக் கால் பிசகினாலும் நம்மைத் தூக்கிவரப் போகிறவர்கள் அவர்கள்தான். செல்போன் சிக்னல் பல இடங்களில் இருக்காது. 108ஐ அழைப்பதற்கே ஒருவர் ஏறி வர வேண்டியிருக்கும்.

மாலையில் வட்டக்கானல் திரும்பியதும், டீக்கடைக்குப் போகும் முன் ஒரு வேலை பாக்கி. கூட வந்தவர்களை எண்ணி, எல்லோரும் வந்துவிட்டோம் என்று வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு அவரை அனுப்புங்கள். வீட்டுக்கும் ஒரு போன் போடுங்கள்.