கள்ளப் பிரதி

நாகர்கோவில் வடசேரியில் கல்யாணக் கார்டு அடிக்கும் கடை ஒன்றில் காத்திருந்தேன். பக்கத்தில் நின்ற பையன் பென்டிரைவை நீட்டி, "அந்தத் தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரை இதுல ஏத்தித் தாங்கண்ணே" என்றான். காசு கொடுத்து வாங்கியதாச்சே என்று கடைக்காரர் இழுத்தார். "எனக்குத் தந்தா உங்களுக்கு என்னண்ணே குறையும்?"

அனுமதியில்லாமல் இப்படி நகலெடுப்பதை ஆங்கிலத்தில் 'பைரசி' என்கிறார்கள். பையனின் கேள்விக்கு அந்தச் சொல்லில் பதில் இல்லை. கிரேக்கத்தில் 'தாக்கு', 'முயன்று பார்' என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிறந்து, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது அது. கடற்கொள்ளை என்று பொருள். அனுமதியில்லாமல் புத்தகம் அச்சடித்தவர்களையும் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதே பெயரால் திட்டினார்கள். அப்புறம் கேசட், சிடி, சாஃப்ட்வேர் என்று ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. தூத்தூரிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்களிடம் கடற்கொள்ளை என்று சொல்லிப் பாருங்கள், அவர்கள் மனதில் வருவது பென்டிரைவ் அல்ல.

'திருட்டு சாஃப்ட்வேர்' என்பதும் அரைகுறைதான். திருடினால் பொருள் கைமாறும். நகலெடுத்தால் மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும். சிலர் 'காப்புரிமை மீறல்' என்று எழுதுகிறார்கள். காப்புரிமை கண்டுபிடிப்புக்கு உரியது, அதாவது பேட்டன்ட். இங்கே மீறப்படுவது பதிப்புரிமை.

நான் 'கள்ளப் பிரதி' என்பேன். கள்ள நோட்டை நினைத்துப் பாருங்கள். அதை அச்சடிக்கும்போது யார் பையிலிருந்தும் பணம் போவதில்லை. ஆனாலும் அடிக்கும் உரிமை அடிப்பவனுக்கு இல்லை, அதனால் மற்ற நோட்டின் மதிப்பும் கெடுகிறது. பையனின் கேள்விக்கு விடையும் இதில்தான் இருக்கிறது. குறைவது கடைக்காரருக்கு அல்ல, எழுதியவருக்கு. தமிழ் மென்பொருள் எழுதுகிறவர்களில் பலர் ஒற்றை ஆளாக, ராத்திரி கண்விழித்து எழுதுகிறவர்கள். நூறு பேர் வாங்கினால்தான் அடுத்த பதிப்பு வரும். இதை நினைத்தாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சட்டமும் உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்புதான். கள்ளப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆதாயத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தவில்லை என்றால், சிறை இல்லாமல் 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு நீதிமன்றம் விடலாம். வாங்கியவர் பாதுகாப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது தப்பில்லை.

கடைக்காரர் கடைசியில் பையனுக்கு இகலப்பையை ஏற்றிக் கொடுத்தார். தமிழில் தட்டச்சு செய்ய உதவும் கட்டற்ற மென்பொருள் அது, பகிர்ந்துகொள்ள எழுதியவர்களே அனுமதி தந்திருக்கிறார்கள். "உன் கூட்டுக்காரனுக்கும் குடு" என்று சொல்லித்தான் பென்டிரைவைக் கழற்றினார்.