தேவாலாப் பொன்னும் ‘நோபிள்’ என்ற சொல்லும்

நீலகிரியில் கூடலூரைத் தாண்டி தேவாலா, பந்தலூர் ஓடைகளில் மணலை மரத்தட்டில் அள்ளி, நீரில் சுழற்றி அரித்தால் வெள்ளைக்கல் பொடி முதலில் போய்விடும். அதன் அடர்த்தி நீரைப்போல் 2.65 மடங்குதான். கறுப்பு மணல், ஏறக்குறைய 5, கடைசிவரை நிற்கும். அதன் ஓரத்தில் ஊசிமுனை அளவில் ஒரு மஞ்சள் புள்ளி இருந்தால், கத்தி முனையால் அழுத்திப் பாருங்கள். நொறுங்கினால் அது கந்தகம் கலந்த இரும்புக்கல். நசுங்கித் தட்டையானால் பொன், அடர்த்தி 19.3.

அதே பாறையில் இருந்த இரும்பு துருவாகி மலையைச் சிவப்பாக்கிவிட்டது. பொன் பொன்னாகவே கிடக்கிறது. வேதியியல் ‘நோபிள்’ என்பது இந்தக் குணத்தைத்தான்.

லத்தீனில் அந்தச் சொல்லுக்கு ‘பலரும் அறிந்தவர்’ என்று பொருள். பிறகு உயர்குடியைக் குறித்தது. எளிதில் எதனோடும் சேராத தனிமங்களுக்கும் அதுவே பெயராயிற்று. தமிழில் ஹீலியம், நியான் வகையை ‘மந்த வாயு’ என்கிறோம். பொன்னுக்கு ‘மந்தம்’ பொருந்தாது. அலுமினியப் பாத்திரம் தாக்குப்பிடிப்பது மேலே படியும் ஆக்சைடு ஏட்டால். புளி பட்டால் அந்த ஏடு கரையும், உலோகமும் கூடவே போகும். பொன்னுக்குக் கவசமே வேண்டாம். எலக்ட்ரானை அது அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது. இந்தப் பிடியை அளப்பது திட்ட மின்முனை அழுத்தம்; எண் கூடக்கூடப் பிடி இறுகும். அதில் இரும்பு −0.44 வோல்ட், தாமிரம் +0.34, வெள்ளி +0.80, பொன் +1.50.

நைட்ரிக் அமிலம் வெள்ளியைக் கரைக்கும், பொன்னைத் தொடாது. அதோடு மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் ராஜதிராவகம்; அதில் பொன்னும் கரையும். பொன்னிலிருந்து நைட்ரிக் பறிக்கும் எலக்ட்ரான் மிகக் கொஞ்சம். உருவான பொன் அயனியைக் குளோரைடு உடனே வளைத்துக்கொள்வதால், திரும்ப வழியின்றி வினை முன்னே போகிறது.

பாதரசத்தின் கதை வேறு. அதில் பொன் எலக்ட்ரானை இழப்பதில்லை, உலோகத்தோடு உலோகமாகக் கலக்கிறது. கலவையைத் துணியில் பிழிந்து சூடாக்கினால் 357 டிகிரியில் பாதரசம் ஆவியாகிப் பொன் மிஞ்சும். அந்த ஆவி நுரையீரல் வழியே ரத்தத்தில் ஏறி மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வீட்டு அடுப்பில் இதைச் செய்வது குழந்தைகளுக்கு நஞ்சூட்டுவதேதான்.

1880-ஐ ஒட்டி இங்கே பொன் தோண்ட லண்டனில் பல கம்பெனிகள் கிளம்பி, சில ஆண்டுகளிலேயே நொடித்தன. இப்படிப்பட்ட வெள்ளைக்கல் படிவங்களில் மேற்பரப்பில் வெயிலும் மழையும் சல்பைடை, அதாவது கந்தகம் கலந்த கல்லை, சிதைத்துப் பொன்னை விடுவித்திருக்கும். ஆழத்தில் பொன்னில் பெரும்பகுதி சல்பைடுக்குள் அடைபட்டிருக்கலாம். சாதாரணமாக அரைத்தால் பாதரசம் அந்தப் பொன்னை எட்டுவது கடினம்.