ராட்வீலர் வாங்கும் முன், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

"டாக்டர், ராட்வீலர் நாய்க்குட்டி வாங்கலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் சின்னக் குழந்தைகளோ வயதானவர்களோ இருக்கிறார்களா? இருந்தால் வேண்டாம் என்றே சொல்கிறேன்.

"எல்லாம் வளர்ப்பில்தானே இருக்கிறது" என்பார்கள். பாதிதான் உண்மை. என் கையைப் பதம் பார்த்தவற்றில் குட்டை நாய்களே அதிகம். ஆனால் பொமரேனியன் கடித்தால் பெரும்பாலும் தையலோடு போகும். பிட்புல்லின் முன்னோர்களைக் காளையோடும் சக நாயோடும் மோதவிட்டுத்தான் வளர்த்தார்கள். பிடித்தால் எளிதில் விடாது. 2022இல் லக்னோவில் 82 வயது மூதாட்டியைக் கொன்றது அவர் வீட்டு பிட்புல்தான். 2024 மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறியவை இரண்டு ராட்வீலர்கள்.

அந்த ஆண்டு மார்ச்சில் இவை உட்பட 23 நாய் இனங்களைத் தடைசெய்யச் சொல்லி மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. கர்நாடக, டெல்லி உயர் நீதிமன்றங்கள் அதை ரத்து செய்தன. சட்டம் எப்படிப் போனாலும், ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கும் நாய்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம்வரை பார்க்கும் மனிதர்கள், கேட்கும் சத்தங்கள்தான் அதற்குப் பழக்கமான உலகம். அந்த நாட்களில் மொட்டைமாடியில் கட்டிப்போட்டு வளர்த்துவிட்டு, இரண்டு வயதில் விருந்தாளிமீது பாய்கிறதே என்றால் என்ன செய்வது? இன்னொன்று, சாப்பிடும்போது உறுமினால் அடிக்கிறார்கள். உறுமல் என்பது 'கிட்டே வராதே' என்று நாய் தரும் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால் பயமும் கோபமும் உள்ளேயே இருக்கும். அடுத்த முறை சத்தமே இல்லாமல் கடிக்கும். அப்படிப்பட்ட நாய்களைத்தான் "திடீரென்று கடித்துவிட்டது" என்று சொல்லிக் கூட்டிவருகிறார்கள்.

நாட்டு நாய் என்றால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். ராஜபாளையமும் கோம்பையும் அந்நியரை எளிதில் ஏற்காத காவல் நாய்கள். அவற்றுக்கும் இடமும் ஓட்டமும் வேண்டும்.

ஏற்கெனவே வளர்ப்பவர்கள், எவ்வளவு பழகிய நாயானாலும் குழந்தையை அதனுடன் தனியே விடாதீர்கள். வெளியே கூட்டிப்போகும்போது வாய்ப்பூட்டு போடுங்கள். பெல்ட்டைப் பிடிப்பவர் அந்த நாயை இழுத்து நிறுத்தக்கூடிய ஆளாக இருக்கட்டும். உறுமல் அதிகமானால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வலியாலும் நாய் அப்படி மாறும். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி போட்ட நாய்தானே என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள்.