பாலிஃபனி: சேர்ந்திசை அல்ல, பல்லிழை இசை

மறுமலர்ச்சிக் கால ஐரோப்பிய இசையைத் தமிழில் அறிமுகம் செய்கிறவர்கள் 'பாலிஃபனி' (தனித்தனி மெட்டுகள் பல ஒரே நேரத்தில் ஒலிக்கும் இசை) என்று வந்தாலே 'சேர்ந்திசை' என்று போட்டுவிடுகிறார்கள். இன்னொரு கட்டுரையிலும் அதையே பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

சொல்லின் மூலம் எளிது. கிரேக்கத்தில் 'பொலி' என்றால் பல, 'ஃபோனே' என்றால் ஒலி அல்லது குரல். அவ்வளவுதான்.

சேர்ந்திசை நமக்கு வானொலியிலிருந்தே பழக்கமான சொல். பலர் கூடி ஒரு மெட்டைப் பாடுவது. அது பாடுகிற ஆட்களைப் பற்றிய சொல். பாலிஃபனி மெட்டுகளைப் பற்றியது. ஒரு மடாலயத்தில் எத்தனை துறவிகள் கூடிக் கிரிகோரியன் பாடல் என்ற பழைய தேவாலயப் பாடலை ஒரே மெட்டாகப் பாடினாலும் அது சேர்ந்திசைதான், பாலிஃபனி ஆகாது. மாறாக, இத்தாலியின் பிரான்செஸ்கோ தா மிலானோ (1497–1543) லூட் என்ற நரம்புக் கருவிக்கு எழுதிய ரிச்செர்கார் என்னும் இசைத்துண்டுகளைக் கேளுங்கள். வாசிப்பவர் ஒருவரே, ஆனால் மெட்டுகள் ஒன்றையொன்று துரத்துகின்றன. அங்கே யாரோடு யார் சேர்கிறார்கள்?

தவறான சொல் காதையும் கெடுக்கிறது. இசையமைப்பாளர் ஜோஸ்கின் தெ பிரே (மறைவு 1521) நான்கு குரல்களுக்கு எழுதிய 'ஆவே மரியா, வீர்கோ செரேனா' தொடங்கும்போது உச்சக்குரல் மட்டும் ஒரு சிறு தொடரைப் பாடும். அது முடிகிற இடத்தில் அடுத்த குரல் அதையே எடுக்கும், அப்புறம் அடுத்தது, கடைசியில் அடிக்குரல். எது முதன்மை, எது துணை என்று பிரிக்க முடியாது. மறுமலர்ச்சிக் கால பாலிஃபனியை அடையாளம் காண நல்ல வழி இந்தத் துரத்தல்தான். வில்லால் வாசிக்கும் வயோல் கருவிக் குழுக்களின் ஃபான்டாசியா என்ற இசை வகையிலும் இதே துரத்தல் கேட்கும். பவான் போன்ற நடன இசையில் பெரும்பாலும் கேட்காது; அங்கே மேல்மெட்டோடு மற்றவை சேர்ந்தே நகரும். சேர்ந்திசை என்று படித்துவிட்டு வருகிறவர் எல்லாக் குரலும் ஒன்றாக எழும் என்றல்லவா காத்திருப்பார்?

சரி, வேறு எந்தச் சொல்? 'ஒத்திசை' ஹார்மனிக்கு, அதாவது சுரங்கள் ஒரே நேரத்தில் இசைந்து ஒலிப்பதற்கு, உரியது. 'பல்குரலிசை' பரவாயில்லை, ஆனால் கருவியிசைக்குப் பொருந்தாது. தமிழிசையில் 'குரல்' ஏழு சுரங்களில் முதலாவதன் பெயரும்கூட. தனித்தனியாக ஓடி ஒன்றாகப் பின்னும் மெட்டுகளுக்கு 'இழை' பொருந்துகிறது: பல்லிழை இசை. கைக்கு அகப்பட்ட தமிழ்ச் சொல்லை ஒட்டிவிட்டால் மொழிபெயர்ப்பு முடிந்தது என்று நினைப்பது சோம்பல். பல்லிழை பிடிக்கவில்லையா, சரி, பாலிஃபனி என்றே எழுதுங்கள். சேர்ந்திசை மட்டும் வேண்டாம்.